கருப்பைக்குப் பக்கத்தில் இரண்டு சென்டிமீட்டர்

அரியலூர் மாவட்டத்து ஆலத்தியூரைச் சுற்றிச் சிமெண்ட் ஆலையும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும். அவற்றைத் தாண்டினால் பருத்தி, மக்காச்சோளம். செந்துறைப் பக்கம் போனால் முந்திரிக் கொல்லைகள். இந்த ஊர்களில் நாற்பதைக் கடந்த பெண்கள் கூடிப் பேசும் இடத்தில் "எனக்குப் பை எடுத்தாச்சு" என்ற பேச்சு சுலபமாக வந்து விழும். ஒருத்திக்குக் கட்டி. ஒருத்திக்கு மாதக்கணக்கில் நிற்காத பெரும்பாடு. மூத்தவளுக்கு அடியிறக்கம். இன்னொருத்திக்குப் புற்றுநோய். கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு நான்கும் ஒரே ஆபரேஷன்தான். அறுவை மேசையில் அப்படி இல்லை. எந்த நோய்க்காக எடுக்கிறார்கள், எந்த வழியாக எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஆபத்து நாற்பது மடங்கு வரை மாறும்.

நாற்பது மடங்கு என்பது பேச்சுக்குச் சொன்னதல்ல. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் 2000 முதல் 2008 வரை கருப்பை அகற்றப்பட்ட 3,43,771 பெண்களின் பதிவுகளை ஹில்டன், குரோம்வெல் என்ற இரு ஆய்வாளர்கள் அலசினார்கள். அவர்கள் தேடியது ஒரே வகைச் சிக்கலை: சிறுநீர்ப் பாதைக்கும் யோனிக்கும் நடுவே ஓட்டை விழுந்து, பெண்ணின் கட்டுப்பாடு இல்லாமலே இரவும் பகலும் சிறுநீர் கசிந்துகொண்டே இருக்கும் நிலை. மருத்துவர்கள் அதை ஃபிஸ்டுலா என்பார்கள். மொத்தத்தில் 788 பேரில் ஒருவருக்கு அது வந்திருந்தது. அடியிறக்கத்துக்காகக் கீழ்வழியே, அதாவது வயிற்றைக் கிழிக்காமல் யோனி வழியாக எடுத்தவர்களில் 3,861 பேருக்கு ஒருவர். கருப்பைவாய்ப் புற்றுக்காகச் சுற்றுத்திசுவோடு விரிவாக எடுத்தவர்களில் 87 பேருக்கு ஒருவர்.

ஏன் இந்த வேறுபாடு? அடிவயிற்றுக்குள் எந்த உறுப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

கருப்பையின் முன்புறத்தில் சிறுநீர்ப்பை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பின்புறத்தில் மலக்குடல். இரண்டு பக்கமும் சிறுநீர்நாளங்கள். மருத்துவமனைப் பேச்சில் யூரெட்டர். ஒவ்வொரு சிறுநீரகத்திலிருந்தும் கிளம்பி, சுமார் 25 சென்டிமீட்டர் தூரம் இறங்கிச் சிறுநீர்ப்பையில் முடிகிற மெல்லிய குழாய் அது. தடிமன் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். இடுப்பெலும்பின் விளிம்பைத் தாண்டும்போது சூலகத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் நாளங்களுக்கு மிக அருகில் வருகிறது. இன்னும் கீழே, கருப்பைவாயின் பக்கவாட்டில், ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் தள்ளி, கருப்பைத் தமனிக்கு அடியில் நுழைந்து போகிறது. மருத்துவ மாணவர்கள் இதைப் பாலத்துக்கு அடியில் தண்ணீர் என்று மனப்பாடம் செய்கிறார்கள். தமனி பாலம், கீழே ஓடுவது சிறுநீர்.

கருப்பையை எடுக்க வேண்டுமானால் அந்தத் தமனியைக் கவ்வி, வெட்டி, கட்டித்தான் ஆக வேண்டும். வேறு வழியே கிடையாது. ஆகவே, எந்தக் காரணத்துக்காக எந்த ஊரில் யார் செய்தாலும், கருப்பை அகற்றும் ஒவ்வொரு அறுவையிலும் கத்தி இந்த இரண்டு சென்டிமீட்டருக்குள் வந்துபோகிறது. சாதாரண நிலையில் அந்த இடைவெளி போதும். கருப்பைவாய் அருகே பெரிய கட்டி வளர்ந்திருந்தாலோ, எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயால் உள்ளே எல்லாம் ஒட்டிப் போயிருந்தாலோ, எதிர்பாராமல் இரத்தம் பீறிட்டு அறுவை நடக்கும் இடமே மறைந்துவிட்டாலோ, இரண்டு சென்டிமீட்டர் அரையாகச் சுருங்கும். இரத்தத்தை நிறுத்தும் அவசரத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கவ்வியைப் போடுவது ஆபத்தானது என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்லித் தருவது இதனால்தான். முதலில் விரலாலோ துணியாலோ அழுத்திப் பிடி, உறிஞ்சி எடுத்துப் பார், பிறகு கவ்வு.

சிறுநீர்நாளத்துக்குக் காயம் பல விதமாக வரும். நேரடியாக வெட்டுப்படலாம். தையலுக்குள் சிக்கிக் கட்டுண்டு போகலாம். பக்கத்தில் போட்ட தையல் இழுத்து மடங்கிப்போகலாம். லேப்ராஸ்கோபியில் இரத்தத்தை நிறுத்தப் பயன்படும் மின்கருவியின் சூடு பரவி வெந்துபோகலாம். வெந்த இடம் அன்றைக்குப் பார்வைக்கு நலமாகவே இருக்கும்; ஒன்றிரண்டு வாரங்களில் திசு அழிந்து ஓட்டை விழும்.

நல்ல அறுவை நிபுணர் இந்தக் குழாயை எப்படி அடையாளம் காண்கிறார் என்பது எனக்கு எப்போதும் வியப்பு தருகிற செய்தி. இரத்த நாளமும் அதுவும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் சிறுநீர்நாளத்தை லேசாகத் தொட்டால் அது தானாகச் சுருங்கி நெளியும். சிறுநீரைக் கீழே தள்ளுவதற்காக அதன் சுவர்த் தசை செய்யும் வேலை அது. இரத்த நாளம் அப்படி நெளியாது. நெளிவைப் பார்த்த பிறகே கவ்வியைப் போடுவது என்பது எந்த இயந்திரமும் கேட்காத, கொஞ்சம் பொறுமை மட்டும் கேட்கிற பாதுகாப்பு.

இவ்வளவு கவனத்துக்குப் பிறகும் காயம் நேரத்தான் செய்கிறது. அதைவிடக் கவலை தருவது, நேர்ந்தது அப்போதே தெரிவதில்லை என்பது. 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கருப்பை அகற்றிய 471 பெண்களுக்கும் அறுவை முடிவில் சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். 100க்கு 4.8 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் காயம் இருந்தது; சிறுநீர்நாளக் காயம் மட்டும் 1.7 பேருக்கு. கேமரா விடுவதற்கு முன்பு, வெறும் கண்ணால் அறுவைக் குழு கண்டுபிடித்திருந்தது இவற்றில் சிறு பங்கையே. செய்தவர்கள் கவனக்குறைவானவர்கள் என்று இதற்குப் பொருளல்ல. கண்ணுக்கு அகப்படாத இடத்தில் நடக்கிற காயம் இது.

அப்போதே தெரிந்தால் அப்போதே தைத்துவிடலாம், அல்லது உள்ளே மெல்லிய ஸ்டென்ட் குழாய் வைத்து ஆற விடலாம். பெரும்பாலும் பெண்ணுக்குப் பின்னாளில் தொந்தரவு இருக்காது. தெரியாமல் போனால் கதை வேறு. வெட்டுப்பட்ட நாளத்திலிருந்து சிறுநீர் வயிற்றுக்குள் கசிந்து காய்ச்சல், வயிறு உப்பல், விலாப்பக்க வலி என்று காட்டும். கட்டுண்டுபோன நாளம் சில சமயம் எதையுமே காட்டாது. ஒரு பக்கம் அடைபட்டாலும் மறுபக்கச் சிறுநீரகம் முழு வேலையையும் ஏற்றுக்கொள்ளும். சிறுநீர் வழக்கம்போலப் போகும். இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் அளவு கொஞ்சம் ஏறியிருக்கும், அல்லது ஏறியதே தெரியாது. தையல் பிரித்து, வீட்டுக்குப் போய், களையெடுக்கவும் கிளம்பிவிடுவாள். பல மாதம் கழித்து வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது ஒரு சிறுநீரகம் வீங்கிச் செத்துக் கிடப்பது தெரியவரும். இந்த அறுவையின் சிக்கல்களில் இதுதான் என்னை அதிகம் வருத்துவது. வலி இருந்தால் அவள் திரும்பி வந்திருப்பாள்.

சிறுநீர்ப்பையின் காயம் இதைவிட அதிகம் நிகழ்வது. நல்லவேளையாக, கண்டுபிடிப்பதும் தைப்பதும் இதைவிடச் சுலபம். கருப்பையின் கீழ்ப்பகுதியிலிருந்து சிறுநீர்ப்பையைப் பிரித்துக் கீழே தள்ளிவிட்டுத்தான் கருப்பையை எடுக்க முடியும். இரண்டுக்கும் இடையே இயற்கையாக ஒரு தளர்ந்த திசு இருக்கிறது, எளிதில் பிரியும். ஆனால் சிசேரியனில் கத்தி விழுவது சரியாக அந்த இடத்தில்தான். அந்தத் தழும்பில் சிறுநீர்ப்பை ஒட்டிக்கொள்கிறது. பிறகு ஒருநாள் கருப்பையை எடுக்கும்போது, பிரியாத இடத்தைப் பிரிக்க முயன்று பை கிழிகிறது. சிசேரியன் ஆனவர்களுக்கு இந்த ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன.

தமிழ்நாட்டில் இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இங்கே நூறு பிரசவங்களில் 44.9 சிசேரியன். இன்றைக்கு இருபத்தைந்து வயதில் சிசேரியன் செய்துகொண்டவர்கள் இன்னும் பதினைந்து இருபது ஆண்டுகளில் கட்டிக்கும் பெரும்பாட்டுக்கும் மருத்துவரிடம் வருவார்கள். அவர்களில் கருப்பை எடுக்க வேண்டி வருபவர்களுக்கு அந்த அறுவை, அவர்களுடைய அம்மாக்களுக்கு நடந்ததைவிடக் கடினமாகவே இருக்கும். அதே ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர், 53.4 விழுக்காடு, இரத்தசோகையோடு இருந்தார்கள். பெரும்பாடு உள்ளவளுக்கு இரத்தசோகை இன்னும் கூடும். குறைந்த இரத்தத்தோடு மேசையில் ஏறுபவளுக்கு, மற்றவர்கள் தாங்கிக்கொள்ளும் சாதாரண இழப்பும் ஆபத்து. ஹீமோகுளோபினை முதலில் ஏற்றிவிட்டு, தேவைப்பட்டால் ஒரு மாதம் தள்ளி அறுவை செய்வது அதனால்தான். "ஏன் தேதி தள்ளிப் போடுறாங்க?" என்று வீட்டில் கோபப்படுவார்கள், அந்த ஒரு மாதம் அவளுக்குப் பெரிய காப்பு.

புற்றுநோய்க்கு வருவோம். கருப்பைவாய்ப் புற்று முளைக்கும் இடம் அந்த இரண்டு சென்டிமீட்டரின் ஓரத்திலேயே இருக்கிறது. அது முதலில் பரவுவதும் பக்கவாட்டுத் திசுவுக்குள்தான், சிறுநீர்நாளம் ஓடும் அதே பகுதிக்குள். எனவே கருப்பையை மட்டும் எடுத்தால் போதாது. பக்கத் திசுவையும் யோனியின் மேல்பகுதியையும் இடுப்பின் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து எடுக்க வேண்டும். கட்டியோ பெரும்பாடோ ஆனால் நாளத்தை விட்டு விலகிப்போகலாம். இங்கே அதைத் திசுச் சுரங்கத்திலிருந்து திறந்து வெளியே எடுத்து, ஒதுக்கி வைத்துவிட்டு வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அப்படிப் பிரிக்கும்போது, மேலுறையில் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அறுந்துபோகலாம். வெட்டுப்படாமலே, இரத்தம் கிடைக்காமல் நாளத்தின் ஒரு துண்டு செத்து, இரண்டாவது வாரத்தில் ஒழுகத் தொடங்கும். விரிவான அறுவையில் ஆபத்து கூடுவதற்குப் பின்னால் இருக்கிற உடற்கூறு இதுதான்.

இந்த விரிவான அறுவையை 1898இல் வியன்னாவில் எர்ன்ஸ்ட் வெர்தைம் முறைப்படுத்தினார். இரத்தம் ஏற்றும் வசதியும் ஆன்டிபயாட்டிக்கும் இல்லாத காலம். தொடக்கத்தில் பலர் இறந்தார்கள். 1911இல் அவர் 500 நோயாளிகளின் அனுபவத்தை நூலாக வெளியிட்டார். கியோட்டோவில் ஒக்கபயாஷி அதை இன்னும் விரித்தார். கல்கத்தாவில் சுபோத் மித்ரா, கருப்பையைக் கீழ்வழியே எடுத்து, நிணநீர்க் கணுக்களை வயிற்று உறையைத் திறக்காமல் தனியே எடுக்கும் முறையை வகுத்தார். உலகப் புத்தகங்களில் அவர் பெயரிலேயே அது இருக்கிறது. நம் நாட்டில் இந்தத் துறையைப் பற்றிப் பேசுகிறவர்கள் மித்ராவை நினைவுகூர்வது குறைந்துவிட்டது.

விரிவான அறுவையில் இன்னொரு விலையும் உண்டு. இடுப்பின் பக்கத் திசுவுக்குள் சிறுநீர்ப்பையை ஆளும் நரம்புகள் ஓடுகின்றன. அவை அறுபட்டால் பை நிறைந்ததே தெரியாது. முக்கினால்தான் சிறுநீர் வரும், அல்லது சொல்லாமல் கொள்ளாமல் கசியும். அதனால்தான் புற்று அறுவைக்குப் பிறகு சிறுநீர் ட்யூபை ஒரு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் வைத்திருக்கிறார்கள். நிணநீர்க் கணுக்களை எடுத்தவர்களுக்குக் கால் வீங்கலாம். வருடக்கணக்கில் நீடிக்கவும் கூடும். உயிர் மிஞ்சியதே பெரிது என்று எண்ணி, பல பெண்கள் இவற்றை வெளியே சொல்வதில்லை.

கடந்த சில ஆண்டுகளில் இந்த விலையைக் குறைக்க முடியுமா என்று இரண்டு பெரிய ஆய்வுகள் பார்த்தன. ஒன்று எதிர்பார்ப்புக்கு நேர்மாறாகப் போனது. லேப்ராஸ்கோபியிலும் ரோபோவிலும் இரத்த இழப்பு குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். புற்றுக்கும் அதுவே நல்லது என்று உலகம் முழுக்க நம்பினார்கள். கருப்பைவாய்ப் புற்றுள்ள 631 பெண்களை இரண்டு பிரிவாக்கி ஒப்பிட்ட ஆய்வு 2018இல் வெளியானது. நாலரை ஆண்டுகளில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள், வயிற்றைத் திறந்து செய்த பிரிவில் 96.5 விழுக்காடு, சிறு துளைகள் வழியே செய்த பிரிவில் 86 விழுக்காடு. சின்ன வெட்டு எப்போதும் நல்லது என்ற நம்பிக்கைக்குக் கிடைத்த பலத்த அடி அது. கருப்பையின் உட்படலப் புற்றுக்கு இது பொருந்தாது. அங்கே லேப்ராஸ்கோபி நல்ல வழியாகவே இருக்கிறது. ஒரே உறுப்பின் இரண்டு புற்றுகளுக்கு இரண்டு விதி.

இரண்டாவது ஆய்வு 2024இல் வந்தது. இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போகாத, ஆபத்து குறைந்த கருப்பைவாய்ப் புற்று உள்ள 700 பெண்களில் பாதிப்பேருக்கு விரிவான அறுவை, பாதிப்பேருக்குச் சாதாரண முறையில் கருப்பை அகற்றம். மூன்றாண்டுகளில் இடுப்புக்குள் நோய் திரும்பியது விரிவான பிரிவில் 2.17 விழுக்காடு, சாதாரணப் பிரிவில் 2.52 விழுக்காடு. வேறுபாடே இல்லை என்று சொல்லலாம். ஆனால் அறுவைக்கு நாலு வாரத்துக்குப் பிறகும் சிறுநீர் தேங்கும் தொல்லை விரிவான பிரிவில் 9.9 விழுக்காடு, சாதாரணப் பிரிவில் 0.6 விழுக்காடு. நூறாண்டுகளுக்கு மேலாகக் கொடுத்துவந்த விலை, ஆரம்ப நிலைப் புற்றுக்குத் தேவையே இல்லாதது என்று தெரிந்தது.

இதன் பலன் யாருக்குக் கிடைக்கும்? சீக்கிரம் கண்டுபிடிக்கப்பட்டவளுக்கு மட்டும். புற்று பக்கத் திசுவுக்குள் நுழைந்துவிட்டால் அறுவைக்கே இடமில்லை; கதிர்வீச்சும் மருந்தும்தான். அதற்கு ஐந்து வாரத்துக்கு மேல் தினமும் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆலத்தியூர்ப் பெண் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ தங்க வேண்டியிருக்கும். ஆடு மாட்டை யார் பார்ப்பது, பள்ளிக்கூடப் பிள்ளைக்கு யார் சமைப்பது என்ற கேள்வியில் சிகிச்சை பாதியில் நிற்கும். சீக்கிரம் கண்டுபிடிக்கச் செலவு அதிகமா என்றால் இல்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடந்த ஆய்வு 2007இல் லான்செட் இதழில் வந்தது. கருப்பைவாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, வெள்ளையாக மாறும் இடத்தைப் பயிற்சி பெற்ற செவிலியர் கண்ணால் பார்ப்பார். ஒரே ஒரு முறை செய்த அந்தச் சோதனை, கருப்பைவாய்ப் புற்று இறப்புகளை 35 விழுக்காடு குறைத்தது. தமிழ்நாட்டு மண்ணில், தமிழ்நாட்டுக் கிராமப் பெண்களிடம் கிடைத்து உலகமே எடுத்துக்கொண்ட பாடம் இது.

புற்றுக்கும் புற்றல்லாததுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் விழுகிறவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நாற்பத்தைந்து வயதுப் பெண், ஒழுங்கற்ற உதிரப்போக்கு. ஸ்கேனில் சின்னக் கட்டி தெரிகிறது. கருப்பைவாயை யாரும் கருவி வைத்துத் திறந்து பார்க்கவில்லை, பாப் சோதனை செய்யவில்லை, உள்படலத்தைச் சுரண்டி அனுப்பவில்லை. கட்டிக்கான சாதாரண அறுவை நடக்கிறது. எடுத்த கருப்பையைச் சோதனைக்கு அனுப்பியபோது கருப்பைவாயில் புற்று என்று வருகிறது. கத்தி புற்றின் ஓரத்தை வெட்டிக்கொண்டு போயிருக்கலாம். சுற்றுத்திசு, நிணநீர்க் கணு எதுவும் எடுக்கப்படவில்லை. இனி மறுபடி அறுவை, அல்லது கதிர்வீச்சு. இரண்டும் முதலிலேயே செய்திருந்தால் இருந்ததைவிடக் கடினம், தொல்லையும் அதிகம். இந்தியப் புற்றுநோய் மையங்களுக்கு இப்படி வந்து சேரும் பெண்கள் புதியவர்கள் அல்ல. சில நிமிடச் சோதனை ஒன்று விடுபட்டதால் வருகிற சிக்கல் இது. எந்தத் திறமையான கையாலும் பிறகு முழுதாகச் சரிசெய்ய முடியாதது.

புற்றல்லாத நோய்களுக்குக் கருப்பையை எடுப்பதில் முதல் கேள்வி ஆபத்தைப் பற்றியதே அல்ல. எடுக்கத்தான் வேண்டுமா என்பது. நாலாவது தேசியக் குடும்பநல ஆய்வு (2015–16), நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 3.2 விழுக்காட்டினருக்குக் கருப்பை எடுக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. ஆந்திராவில் 8.9, தெலங்கானாவில் 7.7. மூன்றில் இரண்டு பங்கு தனியார் மருத்துவமனைகளில். அறுவையின்போது இடைநிலை வயது 34. ஐம்பதைத் தாண்டியவர்களை அந்த ஆய்வு எண்ணுவதில்லை என்பதால் அந்த வயது உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். அதைக் கழித்துப் பார்த்தாலும், முப்பதுகளில் இத்தனை பேருக்கு இந்த அறுவை நடப்பதற்கு நோய் மட்டும் காரணமாக இருக்க முடியாது என்பதே என் எண்ணம்.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் அதற்குச் சான்று. கரும்பு வெட்டப் போகும் பெண்களிடையே இந்த அறுவை அளவுக்கு மீறி நடப்பதாக 2019இல் செய்தி வெடித்தது. அரசு அமைத்த குழு கணக்கெடுத்த 82,309 பெண்களில் 13,861 பேர் கருப்பை எடுத்தவர்கள். மாதவிலக்கு நாளில் வேலைக்குப் போகாவிட்டால் கூலி பிடிப்பு. வெள்ளைப்படுதல் என்று போனால் "புற்று வந்துடும், எடுத்துடலாம்" என்ற பயமுறுத்தல். வெள்ளைப்படுதல் பெரும்பாலும் மாத்திரையில் தீரும் தொற்று. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் காப்பீட்டுப் பணத்துக்காக நடந்த இத்தகைய அறுவைகளை எதிர்த்து மருத்துவர் நரேந்திர குப்தா தொடுத்த பொதுநல வழக்கில், 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேவையற்ற கருப்பை அகற்றத்தைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022இல் வகுத்த நெறிமுறைகளை மூன்று மாதத்துக்குள் எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்றது. மாவட்டம் வரை கண்காணிப்புக் குழு வேண்டும் என்கிறது அந்த நெறிமுறை.

வேறு வழி இருக்கிறதா? பெரும்பாட்டுக்கு இருக்கிறது. இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரனெக்சாமிக் அமில மாத்திரை, ஹார்மோன் மாத்திரைகள், காப்பர்டி போலக் கருப்பைக்குள் வைக்கும், ஹார்மோன் சுரக்கும் சிறு சாதனம். கட்டி மட்டும் இருந்தால் கட்டியை மட்டும் எடுக்கலாம். பின்லாந்தில் பெரும்பாட்டோடு வந்த 236 பெண்களில் பாதிப்பேருக்கு அந்த ஹார்மோன் சாதனமும் மீதிப்பேருக்குக் கருப்பை அகற்றமும் என்று பிரித்துப் பார்த்தார்கள். ஐந்தாண்டு கழித்துச் சாதனம் வைத்தவர்களில் 42 விழுக்காட்டினர் இறுதியில் அறுவைக்குப் போயிருந்தார்கள். மற்றவர்கள், பாதிக்கும் அதிகமானோர், கத்தியே படாமல் தப்பித்திருந்தார்கள். இரு பிரிவினரின் வாழ்க்கைத் தரமும் ஒன்றாகவே இருந்தது. அந்த 42 விழுக்காட்டினரையும் நான் தோல்வியாகப் பார்க்கவில்லை. உண்மையில் தேவைப்பட்டவர்கள் அவர்கள். பெரிய கட்டியோடும் ஓயாத வலியோடும் இருப்பவளுக்குக் கருப்பை அகற்றம் பெரிய விடுதலை. பயமுறுத்தி அவளைத் தடுப்பதும் தவறு.

எடுப்பதுதான் வழி என்று முடிவானால், முடிந்தவரை கீழ்வழியே எடுப்பது நல்லது. இறக்கமே இல்லாத கருப்பையையும் யோனி வழியாக எடுக்கலாம் என்று மும்பையின் ஷிரிஷ் ஷேத் பல்லாண்டு வாதாடிச் செய்துகாட்டினார். பின்னர் அவர் உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பின் தலைவராகவும் இருந்தார். வயிற்றில் வெட்டு கிடையாது, தையல் பிரியும் பயம் கிடையாது, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். "மெஷின்ல பண்றாங்களா?" என்று கேட்கும் குடும்பங்கள் இதையும் கேட்க வேண்டும்.

சூலகங்களையும் சேர்த்து எடுப்பதா என்பது தனிக் கேள்வி. "எப்படியும் வயிறு திறந்தாச்சு, அதையும் எடுத்துடலாம்" என்பது பழைய வழக்கம். நாற்பத்தைந்துக்கு முன்னால் இரண்டையும் எடுத்தால் அடுத்த நாளே மாதவிடாய் முற்றுப்புள்ளி. எலும்பு மெலிதல், இதயநோய் ஆபத்து இரண்டும் கூடும். சூலகத்தை விட்டுவைத்தாலும், கருப்பை எடுத்தவர்களுக்கு மற்றவர்களைவிட 3.7 ஆண்டு முன்னதாகவே அது ஓய்கிறது என்று நியூசிலாந்து ஆய்வு ஒன்று கண்டது. முப்பத்தைந்தில் எடுத்துவிட்டு "இடுப்பு வலி, கை கால் குடைச்சல்" என்று அலைகிற பெண்ணுக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருப்பதில்லை.

அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் பாதி சிக்கல்கள் வெளிப்படுகின்றன. மருத்துவமனையில் நாலைந்து நாள்; சிறுநீர்க் கசிவு தெரிவது பெரும்பாலும் ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள். இரண்டாம்கட்ட இரத்தப்போக்கும் அதே நாட்களில்தான். அப்போது அவள் ஊரில் இருப்பாள். புடவை ஓயாமல் நனைந்தால் அதை வெள்ளைப்படுதல் என்றோ, ட்யூப் எடுத்த பலவீனம் என்றோ விட்டுவிடக் கூடாது. குளிர் காய்ச்சல், விலாவில் வலி, துர்நாற்றத்தோடு கசிவு, கெட்டி இரத்தம், ஒரு பக்கக் கால் மட்டும் வீங்கி வலித்தல், திடீர் மூச்சுத்திணறல் ஆகிய எதுவானாலும் அன்றைக்கே கிளம்ப வேண்டும். கடைசி இரண்டும் கால் நாளத்தில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவதன் அறிகுறி. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட பிறகு இந்தப் பக்கத்துப் பெண்களுக்குத் தூரம் குறைந்திருக்கிறது. சிறுநீர்க் கசிவுக்கு மறு அறுவை உண்டு, பெரும்பாலும் பலிக்கும். கசிவோடு மூலையில் ஒதுங்கி உட்கார வேண்டிய அவசியம் எவளுக்கும் இல்லை. ஆறு வாரம் தண்ணீர்க் குடம், புல்லுக்கட்டு தூக்கக் கூடாது, தாம்பத்தியமும் கூடாது. யோனியின் மேல்முனையில் போட்ட தையல் ஆற அவ்வளவு காலம் வேண்டும். இதை அவளிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை. கணவனையும் மாமியாரையும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்.

எடுத்த கருப்பையின் திசுப் பரிசோதனை முடிவு வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். பலர் அதை வாங்கவே திரும்பிப் போவதில்லை. அந்தத் தாளில்தான் புற்று இருந்ததா, இல்லையா என்பது இருக்கும். கருப்பைவாயை விட்டுவிட்டு மேல்பாகத்தை மட்டும் எடுத்திருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தின் கருப்பைவாய்ச் சோதனையை மற்றவர்களைப் போலவே தொடர வேண்டும். புற்றுக்கு முந்தைய மாற்றத்துக்காக எடுத்திருந்தால், கருப்பைவாய் இல்லாவிட்டாலும் யோனியின் மேல்முனையில் சோதனை தொடரும். வெறும் கட்டிக்கோ பெரும்பாட்டுக்கோ முழுதாக எடுத்து, அறிக்கையும் சுத்தமாக வந்து, முன்பு எப்போதும் சோதனையில் கோளாறு இல்லாதிருந்தால், அந்தச் சோதனை இனி அவளுக்குத் தேவையில்லை. இந்த மூன்றில் தன்னுடையது எது என்பதை வீடு திரும்பும்போதே டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.